காவி வெள்ளை அடித்த பாறை

என் மனைவி அனுசுயா அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு கல்லை நக்குகிறவள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்வதாக இருந்தால் இதைவிட நிறைய இருக்கிறது. நடுவண் அரசின் நிலவியல் ஆய்வுத் துறையில் அவள் அதிகாரி. மலை மலையாக ஏறி, எந்தக் கல் எங்கே இருக்கிறது, அது எப்போது உண்டானது என்று பார்த்து வரைபடம் போடுவது அவள் வேலை. கல்லைச் சுத்தியால் உடைத்து, உடைந்த முகத்தை நாக்கால் ஈரப்படுத்தி, லென்சைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு பார்ப்பாள். ஈரமானால் கல்லுக்குள் இருக்கும் மணிகள் தெளிவாகத் தெரியுமாம். அப்புறம் தண்ணீர் பாட்டில் எதற்கு என்று கேட்டேன். தண்ணீர் குடிப்பதற்கு என்றாள்.

நான் பரசுராமன். திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே லுங்கி, துண்டுக் கடை வைத்திருக்கிறேன். அனுசுயா என் மாமன் மகள், பொதட்டூர்பேட்டைக்காரி. சின்ன வயதிலிருந்து என்னைப் பாவா, அதாவது அத்தான், என்றுதான் கூப்பிடுவாள், இன்றைக்கும் அதுதான். அவள் கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. அவளிடமே கேட்டால் கல்லின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள், நீங்கள் சாப்பிடாமல் கிடக்க வேண்டியதுதான்.

என் மாமா கங்காதரன் வீடு முழுக்கத் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். மகளைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னைக்கு அழைத்துப் போனார். கணக்கில் இடம் இல்லை, நிலவியலில் இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். ஊருக்கு வந்து, "நெலம் சம்பந்தப்பட்ட படிப்பு. முடிச்சா நேரா தாசில்தார் ஆபீஸ்தான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நிலத்தகராறு இல்லாத குடும்பம் நம் பக்கம் ஏது? அவள் படித்து முடித்து வேலை உத்தரவு வந்த அன்றே பக்கத்து வீட்டுத் தறிக்காரர் பட்டாவைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இல்ல சித்தப்பா, நான் நெலத்துக்குக் கீழ இருக்கறதப் பாக்கறவ" என்றாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "புதையலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கார்த்திகை முடிந்தால் கேம்ப், பங்குனி வரை வீட்டில் இருக்க மாட்டேன். மழை இல்லாத மாதங்களில்தான் மலையில் அலைய முடியும். சரி, வருஷத்தில் சில மாதம் நிம்மதி என்று நானும் தலையாட்டிவிட்டேன். நிம்மதியா அது? ராஜஸ்தானிலிருந்து போன் வரும், கூடாரம் காற்றில் பறந்துவிட்டது என்று. அருணாசலத்திலிருந்து போன் வரும், காலில் அட்டை ஏறிவிட்டது என்று. எல்லாவற்றையும் லாட்டரி விழுந்தவள் குரலில் சொல்லுவாள். நான் இங்கே துண்டை மடித்துக்கொண்டே பதறுவேன்.

திரும்பி வரும்போது கல் வரும். கட்டிலுக்கு அடியில் கல், ஜன்னலில் கல், பீரோவில் புடவைக்கு நடுவில் கல். மகள் ஷாலினியின் பள்ளிக்கூடப் பையில் கூட ஒரு தடவை இருந்தது. தோசை மாவுப் பாத்திரத்தின் மூடி நிற்கவில்லை என்று நான் ஒரு கல்லை எடுத்துப் பாரம் வைத்தேன். கொஞ்ச நாளில் அந்தக் கல் சென்னை ஆய்வகத்துக்குப் போய்விட்டது. அதன் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது என்ன தாது என்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். அது உளுந்து. அனுசுயா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, அந்த ஆய்வகத்தாரோ இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தோசை நன்றாக வருகிறதா என்று விசாரிக்கிறார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு மலை ஏறினால், படிக்கட்டு ஓரத்தில் பாறை தெரியும் இடத்திலெல்லாம் உட்கார்ந்துவிடுவாள். பின்னால் காவடிக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு நெருக்கும். எனக்கோ தோள் வலி. "அனுசு, சாமி மேல இருக்காரு, எழுந்து வா" என்பேன். "கீழயும் இருக்காரு பாவா, இதத் தொட்டுப் பாரு" என்பாள். அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்த ஒரு இடத்தில், நாங்கள் இறங்கி வரும்போது யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். நல்லவேளை, அவள் நாக்கை நீட்டுவதற்குள் நான் கையைப் பிடித்து இழுத்திருந்தேன்.

வேலையின் கடைசி வருஷங்களில் அவளைச் சென்னைக்கு மாற்றி, நம் வட்டாரத்தையே மறுபடி ஆய்வு செய்யச் சொன்னார்கள். அப்போதுதான் பள்ளிப்பட்டுப் பக்கம், ஒரு மலையடிவாரத்தில், அந்தப் பாறைச்சரிவைப் பார்த்தாள். அதோடு குப்பம்மாளும் எங்கள் வாழ்க்கையில் வந்து சேர்ந்தாள்.

குப்பம்மாள் அந்த அடிவாரத்து ஊர்க்காரி, விவசாயக் கூலி. உடைத்த கல்லைப் பையில் போட்டுத் தூக்க ஆள் வேண்டும் என்று ஜீப் டிரைவர் அப்துல் ஷுக்கூர் அவளைக் கூட்டி வந்தார். ஷுக்கூர் பாய் அரக்கோணத்துக்காரர், கேம்ப் என்றால் அவர் ஜீப்தான். முதல் நாள் அனுசுயா ஒரு கல்லை உடைத்து நக்கினாள். குப்பம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு கல். இன்னொரு கல். குப்பம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மசக்கைக்காரிகள் சாம்பலும் சுவரின் மண்ணும் தின்பதை அவள் பார்த்திருக்கிறாள், தானே தின்றும் இருக்கிறாள். மறுநாள் காலையில் ஊர்ப் பெண்களோடு, மடியில் மாங்காயும் புளியங்காயுமாக வந்து நின்றாள்.

"இன்னா மேடம், எத்தினி மாசம்?"

அப்போது அனுசுயாவுக்குக் காதோரம் நரைத்திருந்தது, ஷாலினி இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். ஷுக்கூர் பாய் டயரைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாராம். அனுசுயா சிரித்து முடித்து, காரணத்தை விளக்கி, குப்பம்மாளையும் ஒரு கல்லை நக்க வைத்தாள். "உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. இதுக்கா ஒனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்றாள் குப்பம்மாள். மாங்காயை எல்லாரும் சேர்ந்து தின்றார்கள். அன்று சாயங்காலம் அவள் போனில் இதைச் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில், துண்டு வாங்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். "நெஜமா ஒண்ணும் இல்லையே?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சரிவில் அப்படி என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கீழே இருப்பது நம் திருத்தணி மலையில் இருக்கிற கருங்கல் ஜாதி, சொரசொரவென்று இருக்கும். மேலே இருப்பது மணல் படிந்து படிந்து இறுகிய கல், அது வழவழப்பு. கீழ்க்கல் பூமிக்குள் உண்டாகி, மெல்ல மேலே வந்து, வெயிலிலும் மழையிலும் தேய்ந்த பிறகுதான் அதன் மேல் மணல் படிந்திருக்கிறது. இரண்டும் சேருகிற கோட்டின் மேல் அவள் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"பாவா, என் சுண்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவுல பல கோடி வருஷம் காணாமப் போயிருக்கு."

"போலீசுல எழுதிக் குடுத்தியா?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. ஊரறிய என் கையைப் பிடித்தபோது கூட அவள் முகம் அப்படி இல்லை, சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

இந்தக் கதையை அவள் ஆடு மேய்க்கிறவர்களிடம் சொன்னாள், கல் தூக்க வந்தவர்களிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள். குப்பம்மாளின் ஊரில் இதைக் கேட்காத காது இல்லை. மோர் கொடுக்க வந்தவளும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்புறம்தான் வந்தது வினை. அந்தச் சரிவை உடைத்து ஜல்லியாக்க ஒருவர் அனுமதி கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அனுசுயா மேலே எழுதினாள், இது பாதுகாக்க வேண்டிய இடம் என்று. எழுதி எழுதி, கடைசியில் ஒரு குழு வந்து நேரில் பார்க்கும் என்று பதில் வந்தது. ஒரே ஒரு முறை வருவார்கள். பார்த்துச் சரி என்றால் பாறை பிழைக்கும். இல்லையென்றால் ஏதாவது சாலையில் தாருக்கு அடியில் கிடக்கும். அடுத்த மாதம் அனுசுயாவுக்கு ஓய்வு. அதற்கப்புறம் எழுத அவளுக்குப் பதவியும் இல்லை, அவளைப்போல் எழுத ஆளும் இல்லை. சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள். நான் பேசினால் எரிந்து விழுவாள். வீட்டில் எரிந்து விழுகிற ஆள் நான்தான், என் வேலையையும் அவளே எடுத்துக்கொண்டால் எப்படி?

பொங்கல் முடிந்த வாரத்தில் குழு வருவதாக இருந்தது. பொங்கலுக்கு முன்னால் குப்பம்மாளுக்குப் போன் செய்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். "செடி கொடி எல்லாம் எடுத்துடு குப்பம்மா. பாறை பளிச்சுன்னு இருக்கணும். எட்ட இருந்து பாத்தாலே ரெண்டு கல்லும் தனித்தனியா தெரியணும்" என்றாள். "ஆங், நீ கவலப்படாத வா மேடம், நாங்க கீறோம்" என்றாள் குப்பம்மாள்.

அந்த நாள் காலையில் நானும் ஜீப்பில் ஏறினேன். வருகிறவர்களுக்கு இட்லி, வடை, பிளாஸ்க்கில் காபி, எல்லாம் என் பொறுப்பு. வழியெல்லாம் அனுசுயா சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசித் திருப்பத்தில் ஷுக்கூர் பாய் வண்டியை நிறுத்திவிட்டார்.

"மேடம், இங்க கோயில் எப்ப கட்டினாங்க?"

எட்டிப் பார்த்தேன். சரிவு முழுக்கப் புதுச் சுண்ணாம்பும் காவியும். மேலே வெள்ளை, கீழே காவி, வெயிலில் கண் கூசுகிறது. உச்சியில் ஒரு மாலை வேறு. அடிவாரத்தில் ஊரே குளித்து நல்ல துணி உடுத்தி நிற்கிறது, நடுவில் குப்பம்மாள், முழங்கை வரை காவியோடு. பொங்கலுக்கு வீட்டுக்கு அடித்ததில் மீந்ததை எல்லாரும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அனுசுயாவைத் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அவள் ஜீப்பை விட்டு இறங்கி, சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து நடந்து போய்க் கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை, கத்துகிற ஆள் நான். "கல்லப் பாக்க வர்றாங்க, சுண்ணாம்பப் பாக்கவா வர்றாங்க? இத்தன வருஷம் ஒங்ககிட்டப் பேசினது செவுத்துகிட்டப் பேசியிருக்கலாம். என் தலையில மண்ணப் போட்டுட்ட குப்பம்மா." குப்பம்மாள் கையிலிருந்த சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை வாளியில் போட்டுவிட்டு, புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஷுக்கூர் பாய்தான் ஆளைக் கிளப்பினார். "அட நின்னுகினு இருந்தா எப்டி, தண்ணி கொண்டாங்க" என்றார். குடம், பக்கெட், துடைப்பம் எல்லாம் வந்தது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்த்தேன். ஒரு ஓரத்தில் தேய்த்த இடம், பாலும் டீத்தூளும் கலந்த மாதிரி ஒழுகி, இருந்ததைவிட மோசமானது. அதற்குள் குழுவின் கார்கள் வந்துவிட்டன.

குழுவின் தலைவர் வரதராஜன். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று அனுசுயா முந்தின நாளே எனக்குச் சொல்லியிருந்தாள். வந்தவர் பாறையைப் பார்த்தார். துடைப்பத்தோடு நிற்கும் என்னைப் பார்த்தார். "நீங்க எந்த டிவிஷன்?" என்றார்.

"லுங்கிக் கடை சார்" என்றேன்.

அனுசுயா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரதராஜன் யாரையும் கேட்காமல் பாறையிடம் போனார். சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, வெள்ளையும் காவியும் சேருகிற இடத்தில் சுரண்டினார். கோட்டுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். லென்சை வைத்துப் பார்த்தார். பத்தடி நடந்து மறுபடி சுரண்டினார். மறுபடி நடந்தார். நாங்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே சாமி ஊர்வலம் போல நகர்ந்தோம். ஓரிடத்தில் நின்று, "இங்க கீழ்க்கல் மேலயும் வெள்ள இருக்கே?" என்றார்.

"அது காவி தீந்து பூட்ச்சி சார்" என்றாள் குப்பம்மாள், மெல்லிய குரலில். "மீதி எல்லாம் கரீட்டுதான்."

வரதராஜன் அவள் பக்கம் திரும்பினார். "கீழ காவி, மேல வெள்ளன்னு யாரும்மா பிரிச்சது?"

"நாங்கதான். கீழ கீறது மூத்தது. மேல கீறது அப்பால வந்தது. மேடம் ரெண்டும் தனித்தனியா தெரியணும்னு சொல்லிச்சு, அதான் தனித்தனியா அடிச்சோம். சொரசொரன்னு இருந்தா காவி, வழவழன்னு இருந்தா வெள்ள. கைய வெச்சுத் தடவித் தடவி அடிச்சது சார்."

"இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"வேற எப்டி? மேடம்தான். கல்லு தூக்கறப்ப ஒரு தபா சொல்லும், சோறு துன்றப்ப ஒரு தபா சொல்லும். எங்க ஊரு ஆட்டுக்குக்கூடத் தெரியும். நடுவுல எம்மா வருஷம் காணாம பூட்ச்சின்னு கேளு, அது மட்டும் மேடத்துக்கே கணக்கு வர்ல."

வரதராஜன் சிரித்தார். கூட வந்தவர்கள் அவர் சிரிப்பதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்து முடித்து அனுசுயாவிடம் சொன்னார்: "சுண்ணாம்பு ரெண்டு மழையில போயிடும்மா, அது கெடக்கட்டும். நான் எத்தனையோ எடத்துக்கு இப்படிப் போயிருக்கேன். காப்பாத்தணும்னு நாங்க எழுதிட்டு வருவோம், உள்ளூர்ல கேட்டா அது என்னன்னே தெரியாது. இங்க வரைபடத்தையே பாறை மேல போட்டு வெச்சிருக்காங்க. இத எவன் வந்து உடைப்பான்? எழுதிடறேன். ஜல்லிக்கு வேற எடம் பாத்துக்கட்டும்."

எழுதினார். சித்திரையில் உத்தரவும் வந்தது. உங்களுக்குப் பதற்றம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அனுசுயா சந்தோஷப்படவில்லை. குப்பம்மாளின் காவிக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தெரியும், காலையில் கத்தினது அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

வரதராஜன் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, கிழக்கு மூலையைக் காட்டினார். அங்கே மட்டும் பாறை எதுவும் பூசாமல் கிடந்தது. "அத ஏன் விட்டுட்டீங்க?"

"அங்க கோடு எந்தப் பக்கம் போவுதுன்னு எங்களுக்குள்ள ஒரே சண்ட சார்" என்றாள் குப்பம்மாள். "மண்ணு மூடிக்கினு கீது. தப்பா அடிச்சுட்டா மேடம் மனசு கஷ்டப்படும்னு வுட்டுட்டோம்."

"நீங்க சொல்லுங்கம்மா, எப்படிப் போகுது?" என்று அவர் அனுசுயாவைக் கேட்டார்.

"எனக்கும் தெரியாது சார்" என்றாள் அனுசுயா. "தெரியாத எடத்துல வரைபடத்துல புள்ளிக்கோடுதான் போடுவோம்."

சொல்லிவிட்டு அவள் நடந்து போய், வாளியிலிருந்த மட்டையை எடுத்தாள். சுண்ணாம்பில் முக்கினாள். இஸ்திரி போட்ட புடவையோடு அந்த மூலைப் பாறையில் ஏறி, புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனாள். குப்பம்மாளும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அனுசுயாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது, துடைக்கவும் கை ஒழியவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் வடைப் பாத்திரத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"குப்பம்மா, காலையில நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள் அனுசுயா, திரும்பாமலே.

"அத வுடு மேடம்" என்றாள் குப்பம்மாள். "கோணலா போவுது பாரு, இன்னும் ரெண்டு புள்ளி கீழ வையி."